தென்னாப்பிரிக்காவில் வி.சி. வேலை: வாசலைத் தட்டுவது முதல் இரண்டாவது ஃபண்ட் வரை

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் மனைவியின் ஆயாவுக்கு 84 வயது. தமிழ் பேச ஆள் கிடைத்துவிட்டால் லேசில் விடமாட்டார். கல்யாணமான புதிதில் ஒருநாள் கேட்டார்: "நீ என்னா வேலப்பா பாக்குற?"

"புதுசா ஆரம்பிக்கிற கம்பெனிங்களுக்குப் பணம் போடுறோம் ஆயா."

"வட்டி எவ்ளோ?"

"வட்டி கிடையாது."

"அடமானம்?"

"அதுவும் கிடையாது."

"பணம் திரும்பி வரலன்னா?"

"பாதிக்கு மேல வராது ஆயா."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு பேத்தி பக்கம் திரும்பி, "புள்ள நல்ல புள்ளதான்" என்றார், ஆறுதல் சொல்வதுபோல.

துணிகர முதலீட்டை (வென்ச்சர் கேப்பிடல், சுருக்கமாக வி.சி.) இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. வட்டி இல்லை, அடமானம் இல்லை, போட்டதில் பெரும்பகுதி போய்விடும். மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு கம்பெனிகள் எல்லாவற்றையும் ஈடுகட்ட வேண்டும். நம் ஆட்களுக்குக் கடன் கொடுக்கும் தொழில் தலைமுறைகளாகத் தெரியும். இது அந்தத் தொழில் இல்லை. கடன் கொடுத்தவன் "இவன் திருப்பிக் கட்டுவானா?" என்று கேட்பான். பங்கு வாங்குகிறவன் "இது சரியாக வந்தால் எவ்வளவு பெரிதாகும்?" என்று கேட்க வேண்டும். முதல் கேள்வியிலேயே பழகிய மூளை இரண்டாவதற்குத் திரும்பக் கொஞ்சம் நாள் எடுக்கும்.

இந்த வழிகாட்டி இரண்டு வகையினருக்கு. 1860-இல் முதல் ஒப்பந்தக் கூலிகளை இங்கே ஏற்றிவந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கிய வரிசையில் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஒரு வகை. என்னைப்போல மென்பொருள் வேலைக்கு வந்து, பக்கத்து அறையில் நடக்கும் பணப் பேச்சில் காது வைத்தவர்கள் இன்னொரு வகை. நான் வேலூர்ப் பக்கம். ஜோஹன்னஸ்பர்க்கில் கோடு எழுதிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு கேப் டவுனில் அனலிஸ்டாகச் சேர்ந்தேன்.

1. முதலில் ஃபண்டின் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

இந்த வேலைக்கு ஆசைப்படும் பத்துப் பேரில் எட்டுப் பேர் கம்பெனிகளைப் பற்றிப் படிக்கிறார்கள். ஃபண்ட் எப்படி ஓடுகிறது என்று படிப்பதில்லை. அது தெரியாவிட்டால் ஏன் வேலை கிடைக்கவில்லை என்பதுகூடப் புரியாது.

40 கோடி ராண்ட் ஃபண்ட் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். பணம் போடுகிறவர்கள் எல்.பி.க்கள்: ஓய்வூதிய நிதிகள், பணக்காரக் குடும்பங்கள், வளர்ச்சி வங்கிகள். நடத்துகிறவர்கள் ஜி.பி.க்கள். ஆயுள் வழக்கமாக 10 வருடம். வருடத்துக்கு 2 சதவீதம் நிர்வாகக் கட்டணம், அதாவது 80 லட்சம் ராண்ட். ஃபண்டின் பின்பாதியில் இது குறையும், எளிமைக்காக அதை விட்டுவிடுகிறேன். இந்த 80 லட்சத்தில்தான் இரண்டு பார்ட்னர்கள், ஆடிட்டர், வக்கீல், அலுவலக வாடகை, பயணம் எல்லாம். மிச்சத்தில் ஒரு அனலிஸ்ட் வரலாம், வராமலும் போகலாம். தென்னாப்பிரிக்காவில் பல ஃபண்டுகள் இதைவிடச் சின்னவை. விளம்பரம் வந்து, மனுப்போட்டு, வரிசையில் நின்று வாங்குகிற வேலையாக இது ஏன் இல்லை என்பது இப்போது தெரிந்திருக்கும்.

அடுத்த பாதிக் கணக்கு. 10 வருடக் கட்டணம் 8 கோடி போனால் முதலீட்டுக்கு 32 கோடி. ஒவ்வொரு கம்பெனியிலும், அடுத்தடுத்த சுற்றுகளில் புது முதலீட்டாளர்கள் வர வர நம் பங்கு கரைந்தது போக, விற்கும் நேரத்தில் நம் கையில் 15 சதவீதம் இருக்கிறது என்று கொள்ளுங்கள். 2017-இல் கேப் டவுனின் இணையவழிப் படிப்புக் கம்பெனியான கெட்ஸ்மார்ட்டரை அமெரிக்காவின் 2யூ நிறுவனம் 10.3 கோடி டாலருக்கு வாங்கியது. அன்றைய விலையில் ஏறக்குறைய 135 கோடி ராண்ட். இந்த நாட்டின் அளவுக்கு அது பெரிய விற்பனை. நம் 15 சதவீதத்துக்கு 20 கோடி வரும். ஆக, கெட்ஸ்மார்ட்டர் அளவுக்கு இரண்டு கம்பெனிகள் ஒரே ஃபண்டில் அமைந்தால், எல்.பி. கொடுத்த 40 கோடி அப்படியே திரும்பும். லாபம் சுழி. எல்.பி.க்கு முதலில் வருடத்துக்கு 8 சதவீத லாபம் போக வேண்டும், அதுதான் ஹர்டில். அதைத் தாண்டின பிறகுதான் ஜி.பி.க்கு லாபத்தில் 20 சதவீதப் பங்கு, அதற்குப் பெயர் கேரி. மூன்றாவது, நான்காவது கெட்ஸ்மார்ட்டரை எங்கே தேடுவது?

இந்தக் கணக்கை ஒரு தாளில் உங்கள் கையால் போடுங்கள். "நல்ல கம்பெனி, நிதானமாக வளரும், மூன்று மடங்கு வரும்" என்ற வாக்கியம் ஏன் முதலீட்டுக் கூட்டத்தில் எடுபடாது என்று அப்புறம் யாரும் சொல்லித்தர வேண்டாம்.

வெளிநாட்டு எல்.பி. இருந்தால் இன்னொரு பாரம். 2011 தொடக்கத்தில் டாலர் ஏறக்குறைய 7 ராண்ட், 2023-இல் 18-ஐத் தாண்டிவிட்டது. அன்று டாலரில் வந்த பணம், ராண்டில் இரண்டரை மடங்கு ஆனால்தான் டாலரில் நின்ற இடத்தில் நிற்கும்.

2. இந்த ஊர் வரலாறு கொஞ்சம்

நேர்காணலில் யாரும் பரீட்சை வைக்கமாட்டார்கள். ஆனால் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் இந்தக் கதைகளில் எங்கோ ஓர் ஓரத்தில் இருந்தவர்கள்.

மார்க் ஷட்டில்வொர்த் 1995-இல் கேப் டவுன் பக்கம் தொடங்கிய தாட் என்ற இணையப் பாதுகாப்புக் கம்பெனியை, 1999-இல் வெரிசைன் 57.5 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த வருடமே அவர் ஹெச்.பி.டி. என்ற வி.சி. நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே தொழில் கற்றவர்கள் வெளியே வந்து தங்கள் ஃபண்டுகளைத் தொடங்கினார்கள். 2011-இல் கேப் டவுனின் மொபைல் பணப்பரிமாற்றக் கம்பெனியான ஃபண்டமோவை விசா 11 கோடி டாலருக்கு வாங்கியது. ஒரு பெரிய விற்பனை, அதிலிருந்து சில முதலீட்டாளர்கள், அவர்களிடமிருந்து இன்னும் சில ஃபண்டுகள்: இங்கே வம்சவிருட்சம் இப்படித்தான் கிளைவிட்டது. மரம் சின்னது. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஒரு நிறுவனரை நீங்கள் கேவலமாக நடத்தினால், வெள்ளிக்கிழமைக்குள் ஊருக்கே தெரியும்.

கேப் டவுனின் ஊடக நிறுவனமான நாஸ்பர்ஸ் 2001-இல் 3.2 கோடி டாலர் போட்டு, சீன இணையக் கம்பெனியான டென்சென்ட்டில் பங்கு வாங்கிய கதை உண்டு. 2018-இல் அதில் 2 சதவீதத்தை மட்டும் விற்றே 980 கோடி டாலர் எடுத்தார்கள். இதை நேர்காணலில் எடுக்காதீர்கள். எல்லாரும் எடுக்கிறார்கள், தவிர டென்சென்ட் வளர்ந்தது சீனாவில்.

பலர் கவனிக்காமல் விடுவது வருமான வரிச் சட்டத்தின் 12ஜே பிரிவை. 2009-இல் வந்தது. அங்கீகரிக்கப்பட்ட வி.சி. கம்பெனியில் போட்ட பணம் முழுவதையும் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம், 5 வருடம் கையை வைக்கக் கூடாது. சலுகை இனிப்பாக இருந்ததால் தங்கும் விடுதி, மாணவர் விடுதி, சோலார் தகடு என்றெல்லாம் பணம் பாய்ந்தது. தொழில்நுட்பத்துக்கு வந்தது அதில் ஒரு பங்குதான். 2021 ஜூன் 30-உடன் சலுகை முடிந்தது. அதனால், "வி.சி." என்ற பெயர்ப்பலகையைப் பார்த்தவுடன் பயோடேட்டாவை அனுப்பாதீர்கள். அவர்கள் கடைசியாகப் பணம் போட்ட ஐந்து இடங்களைத் தேடுங்கள். அதில் கெஸ்ட் ஹவுஸ் இருந்தால் அது வேறு தொழில்.

இனி பணம் எங்கிருந்து வரும் என்றால், ஓய்வூதிய நிதிகளிடமிருந்து வரலாம். அவை எதில் எவ்வளவு போடலாம் என்று சொல்லும் ரெகுலேஷன் 28 விதியின்படி, பிரைவேட் ஈக்விட்டியில் (பங்குச் சந்தைக்கு வராத கம்பெனிகளில் போடும் ஃபண்டுகளில்) போடக்கூடிய உச்சவரம்பு 2023 ஜனவரியில் 15 சதவீதமாக உயர்ந்தது. வரம்பு உயர்ந்ததால் மட்டும் பணம் வந்துவிடாது, டிரஸ்டிகள் பயந்தவர்கள். 2024 டிசம்பரில் டைம் பேங்க் என்ற டிஜிட்டல் வங்கியின் தாய்க்குழுமம் 150 கோடி டாலர் மதிப்பில் 25 கோடி டாலர் திரட்டியதுபோல இன்னும் சில நடந்தால் பயம் தெளியலாம்.

3. எந்த வாசல்?

நான் அடிக்கடி சொல்வது: பணம் ஜோஹன்னஸ்பர்க்கின் சாண்ட்டனில், நிறுவனர்கள் கேப் டவுனிலும் ஸ்டெல்லன்பாஷிலும், நம் சொந்தக்காரர்கள் டர்பனில். வீட்டை விட்டு வர மனமில்லாத டர்பன் பிள்ளைகளுக்கு இந்தத் தொழில் கஷ்டம். சில வருடமாவது மேற்கே போயாக வேண்டும்.

சி.ஏ. முடித்தவர்களுக்கு ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. மூன்று வருடப் பயிற்சிக்காலமான ஆர்ட்டிக்கிள்ஸில் அவர்கள் பார்த்த கணக்குப் புத்தகங்கள் கைகொடுக்கும். எங்கள் வீடுகளில் டாக்டர், வக்கீல் வரிசையில் சி.ஏ.வும் இருப்பதால் அப்பா அம்மாவும் எதிர்க்கமாட்டார்கள். முதலீட்டு வங்கி, ஆலோசனை நிறுவனம் இன்னொரு வாசல். எனக்குப் பிடித்தது மூன்றாவது: ஒரு ஸ்டார்ட்அப்பில் இரண்டு மூன்று வருடம் வேலை பார்ப்பது. சம்பளம் போட மாதக் கடைசியில் பணம் இருக்குமா என்று உள்ளே இருந்து பயந்தவனுக்கு, நிறுவனரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரியும். ஜோஹன்னஸ்பர்க் பிரேம்ஃபொன்டெய்னின் ட்ஷிமொலோகொங், ஸ்டெல்லன்பாஷின் லாஞ்ச்லேப் போன்ற ஸ்டார்ட்அப் வளர்ப்பு மையங்களில் நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளராகச் சேர்வதும் பக்கவாசல்தான். அதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம், நூறு நிறுவனர்களின் தொலைபேசி எண் உங்களிடம் இருக்கும்.

இரண்டு விஷயத்தை ஒளிவுமறைவில்லாமல் பேசிவிடுவோம். பி-பி.பி.இ.இ. எனப்படும் கறுப்பினப் பொருளாதார மேம்பாட்டுச் சட்டத்தில் 'கறுப்பின மக்கள்' என்ற சொல் ஆப்பிரிக்கர், கலர்ட் (கலப்பின மரபினர்), இந்தியர் மூவரையும் குறிக்கும். ஆகவே இங்கேயே வேரூன்றிய தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் அதில் வருவார்கள். எல்.பி.க்கள் பலர் ஃபண்டின் உரிமையிலும் குழுவிலும் இதைப் பார்க்கிறார்கள். இதற்காகக் கூச்சப்படவும் வேண்டாம், இதை மட்டுமே நம்பவும் வேண்டாம். 1994 ஏப்ரல் 27-க்குப் பிறகு வந்து குடியுரிமை வாங்கிய என்னைப் போன்றவர்கள் பொதுவாக இதில் வரமாட்டார்கள். கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். இரண்டாவது விசா. வேலை விசாவில் இருப்பவர்கள் முதலாளியையும் தொழிலையும் மாற்றும் முன் குடிவரவு வக்கீலைப் பாருங்கள். நண்பன் சொன்னான் என்று ராஜினாமா கடிதம் கொடுத்தால் சிக்கல்.

4. வேலை கிடைக்கும் முன்பே வேலையைத் தொடங்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

சமையல்காரருக்கு அன்று மாலையே தெரியும், சாம்பார் எப்படி என்று. வி.சி.க்கு 8 வருடம் கழித்துத் தெரியும். அதற்குள் சந்தை மாறியிருக்கும், நீங்கள் ஏன் 'சரி' சொன்னீர்கள் என்பதே மறந்திருக்கும். மூளை நமக்குச் சாதகமாகக் கதையைத் திருத்தி எழுதிவிடும். ஆகவே ஒரு நோட்டு வாங்குங்கள். வாரம் ஒரு தென்னாப்பிரிக்க ஸ்டார்ட்அப். பணம் போடுவேனா, மாட்டேனா, ஏன், எந்த ஒரு விஷயம் நடந்தால் என் எண்ணம் தப்பு என்று ஒப்புக்கொள்வேன். ஒரு பக்கம் போதும். தேதி முக்கியம். பிறகு திருத்தக் கூடாது.

நான் இதைத் தொடங்கிய இரண்டாம் வருடம் புரட்டிப் பார்த்தேன். 'மாட்டேன்' என்று எழுதிய பக்கங்களில் திரும்பத் திரும்ப ஒரே காரணம்: "நிறுவனர் தெளிவாகப் பேசவில்லை." யார் யார் என்று பார்த்தேன். கிட்டத்தட்ட எல்லாருமே உம்லாசி, சொவெட்டோ போன்ற டவுன்ஷிப்களிலிருந்து (நிறவெறிக் காலத்தில் கறுப்பினத்தவருக்கென ஒதுக்கிய குடியிருப்புகள்) வந்தவர்கள், ஆங்கிலம் இரண்டாவது மூன்றாவது மொழி. தனியார் பள்ளி ஆங்கிலம் பேசியவர்களின் ஓட்டைக் கணக்குகளை மன்னித்திருந்தேன். வேலூர் ஆங்கிலத்தோடு வந்து முதல் வருடம் முழுக்க "சாரி, கம் அகெய்ன்?" கேட்டவன் செய்த வேலை இது. நோட்டு இல்லாவிட்டால் இன்றுவரை அதை 'உள்ளுணர்வு' என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

அந்த நோட்டிலிருந்து நல்ல மூன்று பக்கங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் பணம் போடலாமா கூடாதா என்று வாதிடும் நான்கு பக்க மெமோவாக விரித்து எழுதுங்கள். பயோடேட்டாவோடு அதை அனுப்புங்கள். ஒன்று கட்டாயம் 'வேண்டாம்' மெமோவாக இருக்கட்டும். எல்லாரும் புகழும் கம்பெனியை மரியாதையாக மறுத்து எழுதத் தெரிந்தவரைப் பார்ட்னர்கள் கூப்பிட்டுப் பேசுவார்கள். என்னைக் கூப்பிட்டது அப்படித்தான்.

5. முதல் வருடம்: காலால் நடப்பது

சேர்ந்த பிறகு கம்பெனிகளைத் தேடுவது, சந்திப்பது, எண்களைச் சரிபார்ப்பது, மெமோ எழுதுவது இவைதான் வேலை. தேடுவதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நிறைய ஆட்களைப் பாருங்கள், பதில் போடுங்கள், சொன்ன நேரத்துக்குப் போங்கள். சரிபார்ப்பதில்தான் தொழில் இருக்கிறது.

சின்னக் கடைகளுக்கு அட்டைத் தேய்க்கும் கருவி கொடுக்கும் ஒரு கம்பெனி எங்களிடம் வந்தது. 'இணைந்த கடைகள் 410' என்று ஸ்லைடில் இருந்தது. பட்டியல் வாங்கினேன். அதில் 23 கடைகள் சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டில். சனிக்கிழமை காலை ஆயாவுக்குக் கருவேப்பிலையும் டபுள் பீன்ஸும் வாங்கப் போகிற சாக்கில் ஒவ்வொரு கடையாகப் போய், "கார்டு வாங்குவீங்களா?" என்று கேட்டேன். ஒரு அக்கா மேஜைக்கு அடியில் குனிந்து கருவியை எடுத்தார். காற்றில் பறக்காமல் இருக்க பிளாஸ்டிக் பைக் கட்டின் மேல் அதை வைத்திருந்திருக்கிறார். சார்ஜ் போய் ஒரு மாதம் ஆச்சு என்று டர்பன் ஆங்கிலத்துக்கே உரிய ராகத்தில் சொன்னார். மின்வெட்டு நேரத்தில் பில்லும் வராது, வாடிக்கையாளர் நிற்கவும் மாட்டார், காசுதான் சௌகரியம் என்றார். 23-இல் அந்த வாரம் கருவியைப் பயன்படுத்தியவை 9.

அன்று மாலை நிறுவனருக்கு போன் செய்து, கடைசி 30 நாளில் ஒரு தடவையாவது பயன்படுத்தியவர்கள் எத்தனை என்று கேட்டேன். மழுப்பாமல் 160 என்றார். அதனால்தான் பேச்சு தொடர்ந்தது. எண் சின்னதாக இருப்பது நோய் இல்லை. கேட்டால் மாறுகிற எண்தான் நோய்.

இதே வகைக் கம்பெனிகளில் இன்னொன்று பாருங்கள். மாதம் 1 கோடி ராண்ட் 'வருவாய்' என்பார்கள். அது கருவி வழியாக ஓடிய பணம். கம்பெனிக்குக் கமிஷன் 2.5 சதவீதம் என்றால் 2.5 லட்சம். அதில் வங்கிக்கும் அட்டை நிறுவனத்துக்கும் போக, நிற்பது சில பத்தாயிரங்கள். டேஷ்போர்டை நம்பாமல் 12 மாத வங்கி ஸ்டேட்மென்ட்டைக் கேளுங்கள். கூடவே சி.ஐ.பி.சி. என்ற கம்பெனிப் பதிவு அலுவலகத்தின் பதிவில் இயக்குநர்கள் யார், பழைய கூட்டாளி யாராவது பங்கோடு வெளியே நிற்கிறாரா, மென்பொருளை எழுதியவரிடம் உரிமையை எழுதி வாங்கியிருக்கிறார்களா, வாடிக்கையாளர் விவரங்களை போப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

6. டெர்ம் ஷீட்டில் நான் முதலில் பார்ப்பது

டெர்ம் ஷீட் என்பது முதலீட்டு நிபந்தனைகளைச் சுருக்கமாக எழுதிய தாள். அதில் கம்பெனியின் மதிப்பீட்டைப் பற்றி எல்லாரும் சண்டை போடுவார்கள். அனலிஸ்டாக நீங்கள் லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ் கணக்கை, அதாவது கம்பெனியை விற்றால் யாருக்கு முதலில் எவ்வளவு என்ற கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். 3 கோடி ராண்ட் போட்டு 20 சதவீதம் வாங்கினோம். கம்பெனி 6 கோடிக்கு விலைபோனது. பங்குப்படி நமக்கு 1.2 கோடி. ஒரு மடங்கு முன்னுரிமை இருந்தால் முதலில் நம் 3 கோடியை எடுப்போம், மற்றவர்களுக்கு 3 கோடி. 'பார்ட்டிசிபேட்டிங்' என்று ஒரு சொல் கூடுதலாக இருந்தால் நம் 3 கோடியும், மிச்சத்தில் 20 சதவீதமான 60 லட்சமும் சேர்ந்து 3.6 கோடி. ஒரு சொல்லுக்கு 60 லட்சம். நிறுவனரிடம் இதை முன்கூட்டியே தாளில் போட்டுக் காட்டுவது என் பழக்கம். பார்ட்னர்களுக்கு ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. ஆனால் விற்கும் நாளில் அழுகிற நிறுவனரைச் சமாளிப்பதைவிட இது சுலபம்.

இந்த நாட்டுக்கே உரிய சிக்கல் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் அமெரிக்காவின் டெலவேரிலோ மொரிஷியஸிலோ தாய்க் கம்பெனி கேட்பார்கள். இங்குள்ளவர் வெளிநாட்டுக் கம்பெனி வழியாக இங்குள்ள சொத்தை வைத்திருக்கும் 'லூப்' அமைப்புக்கு ரிசர்வ் வங்கி நீண்ட காலம் தடை போட்டிருந்தது. 2021 ஜனவரி 1 முதல் அது தளர்ந்தது. ஆனால் அறிவிக்க வேண்டிய கடமைகள் இருக்கின்றன, வரியும் இருக்கிறது. அறிவுசார் சொத்தை வெளியே மாற்றினால் நியாயமான சந்தை விலைக்குத்தான் மாற்ற வேண்டும். முந்தைய அமைப்பில் யாராவது குறுக்குவழியில் போயிருந்தால், கம்பெனியை விற்கும் சமயத்தில் அது பூதம்போலக் கிளம்பும். சந்தேகம் வந்தால் வக்கீலிடம் உடனே கொடுங்கள், புத்திசாலித்தனம் காட்ட வேண்டாம்.

7. 'வேண்டாம்' சொல்வது

நூறு கம்பெனி பார்த்தால் ஒன்றிலோ இரண்டிலோ போடுவோம். மற்ற எல்லாருக்கும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்குள் சொல்லுங்கள். உண்மைக் காரணத்தை இரண்டு வரியில் எழுதுங்கள். "இப்போதைக்கு இல்லை, தொடர்பில் இருப்போம்" என்று இழுக்காதீர்கள். கல்யாணத் தரகர்கூட அப்படிச் செய்யமாட்டார்.

8. சம்பளமும் கேரியும்

வங்கியில் இருக்கும் உங்கள் நண்பனைவிடக் குறைவாகத்தான் வாங்குவீர்கள். கேரி என்ற சொல் நேர்காணலில் வரும். எத்தனை சதவீதம், எந்த ஃபண்டில், எத்தனை வருடத்தில் உரிமையாகும், நடுவில் போனால் என்ன ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் இல்லாத கேரி, கல்யாண வீட்டில் மாமா தருவதாகச் சொன்ன மோதிரம். எழுத்தில் இருந்தாலும் அதை நம்பி வீட்டுக்கடன் வாங்காதீர்கள். கைக்கு வந்தால் பத்து வருடம் கழித்து வரும்.

9. நான்காவது வருடம்

ஃபண்டின் முதலீட்டுக் காலம் வழக்கமாக ஐந்து வருடம். நான்காவது வருடத்தில் பார்ட்னர்கள் இரண்டாவது ஃபண்டுக்குப் பணம் திரட்டக் கிளம்புவார்கள். திரட்டினால் உங்களுக்கு அசோசியேட், பிரின்சிபல் என்று ஏணி உண்டு. முடியாவிட்டால் இருக்கும் கம்பெனிகளைப் பார்த்துக்கொள்ள ஓரிருவர் போதும், நீங்கள் அந்த ஓரிருவரில் இருக்கமாட்டீர்கள். எனவே மூன்றாம் வருடமே பார்ட்னரிடம் நேராகக் கேளுங்கள்: பழைய எல்.பி.க்களில் யார் மறுபடி வருகிறார்கள்? பதில் சுற்றிவளைத்து வந்தால் வேலை தேடத் தொடங்குங்கள். அதை துரோகம் என்று இங்கே யாரும் நினைப்பதில்லை.

எல்.பி.க்களைச் சந்திக்கப் போகும்போது உங்களையும் கூட்டிப்போகச் சொல்லுங்கள். பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுத்தால் போதும். நிறுவனர்களிடம் நாம் கேட்கிற கேள்விகளை அங்கே நம்மிடம் கேட்பார்கள். போன தடவை ஓய்வூதிய நிதி டிரஸ்டி ஒருவர், அறுபது தாண்டியவர், ஸ்லைடெல்லாம் முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "இதில் எத்தனை போய்விடும்?"

எனக்கு ஆயா ஞாபகம் வந்தது. பார்ட்னர் என்னைப் பார்த்தார். "பாதிக்கு மேல் போய்விடும், சார்" என்றேன். அவர் தாளில் ஏதோ எழுதிக்கொண்டு, அடுத்த கேள்விக்குப் போனார்.